இறங்கி முடித்தால்தான் கோபுரம்

பார்சிலோனாவுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில், எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய கிடங்கிலிருந்து மாலை நேரங்களில் நாகசுரத்தை நினைவூட்டும் ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. என்னவென்று எட்டிப் பார்க்கப் போன நான், அன்று இரவே மனிதக் கோபுரம் ஒன்றின் அடிக்கூட்டத்தில் நின்றேன். பெயர் என்ன, எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை. என் உயரத்தை மட்டும் கண்ணால் அளந்து, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார்கள்.

பார்சிலோனா அமைந்துள்ள, ஸ்பெயினின் கட்டலோனியா பகுதி மக்கள் இக்கோபுரத்தை ‘கஸ்தெல்’ என்கிறார்கள். கோட்டை என்று பொருள். தர்ரகோனாவுக்கு அருகிலுள்ள வால்ஸ் என்ற ஊரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேர்விட்ட இக்கலை, இடையில் நலிந்து, மீண்டும் தழைத்து, 2010-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அடுக்குக்கு எத்தனை பேர், மொத்தம் எத்தனை அடுக்கு என்பதே கோபுரத்தின் பெயர். ‘எட்டில் மூன்று’ என்றால் அடுக்குக்கு மூவராக எட்டு அடுக்கு. உச்சியில் ஏறுவது ஒரு சிறு குழந்தை. அக்குழந்தையை ‘என்ஷனேத்தா’ என்று அழைக்கிறார்கள்.

அடியில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குப் ‘பின்யா’ என்று பெயர். முன்னால் நிற்பவரின் முதுகில் நம் மார்பு அழுந்த வேண்டும்; கைகள் மேல்நோக்கி நீள வேண்டும்; தலை கவிழ்ந்திருக்க வேண்டும். முதல் நாள் ஆவல் தாங்காமல் நான் நிமிர்ந்து பார்த்தபோது, பின்னால் நின்ற அம்மா ஒருவர் என் பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்தினார். மேலிருந்து ஆள் விழுந்தால், நிமிர்ந்திருக்கும் கழுத்து தாங்காது. விழுபவர்களுக்குப் பின்யாதான் மெத்தை.

தலை நிமிர முடியாத எங்களுக்குக் கோபுரம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது, என்னை அங்கே அழைத்துவந்த அந்த ஓசைதான். ‘கிரால்யா’ என்னும் அக்குழல், நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதப்படுவது. சில அடுக்குகள் ஏறிய பிறகே இசை தொடங்கும். குழந்தை உச்சியைக் கடந்து கையை உயர்த்தும் கணத்தில் மெட்டு மாறும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்டு, தோளில் இறங்கும் பாரத்தை உடம்பால் உணர்ந்து, வியர்வை நாற்றத்துக்கு நடுவே ஒரு முதுகை மட்டுமே பார்த்தபடி நிற்பவர்கள் நாங்கள். ஏறுபவர்களின் இடுப்பில் இறுகச் சுற்றியிருக்கும் கறுப்புத் துணியான ‘ஃபாஷா’ முதுகெலும்பைக் காக்கிறது. மேலே ஏறுபவர்களின் வெறுங்காலுக்கு அதுவே படியும் ஆகிறது. அதைத் தனியாக எவரும் கட்டிக்கொள்ள முடியாது. ஒருவர் மறுமுனையை விறைப்பாகப் பிடித்திருக்க, கட்டிக்கொள்பவர் சுழன்று சுழன்று அவரை நோக்கி வர வேண்டும்.

சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களில் எல்லாம் குழந்தை கையை உயர்த்தும் அந்தக் கணமே இருக்கிறது. அதைப் படம் பிடித்ததும் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும், ஏனெனில் அப்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கை உயர்ந்தபின் சரிந்த கோபுரம் ‘ஏற்றப்பட்டது’ மட்டுமே. கடைசி ஆள்வரை பத்திரமாக இறங்கினால்தான் ‘இறக்கப்பட்டது’ என்ற முழுப் பெருமை. தர்ரகோனாவின் பழைய காளைச்சண்டை அரங்கில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் போட்டியிலும் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு மதிப்பெண்தான். சரிந்துவிட்டால் ‘லென்யா’ ஆயிற்று என்பார்கள், அதாவது விறகு. சிறு குழந்தைகளை இவ்வளவு உயரத்துக்கு ஏற்றலாமா என்ற கேள்வி நியாயமானது. இன்று குழந்தைகள் தலைக்கவசம் அணிந்தே ஏறுகிறார்கள்.

வலிமை, சமநிலை, துணிவு, ‘சென்ய்’ என்ற நான்கையும் இவர்கள் தாரக மந்திரமாகச் சொல்வதுண்டு. நான்காவதை நான் நிதானம் என்று தமிழாக்கிக்கொள்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது, ஆகஸ்ட் 30 அன்று, விலஃப்ரான்கா ஊரின் புனித ஃபெலிக்ஸ் திருநாளில். வெயில் கொளுத்திய சதுக்கத்தில் ஒரு குழு ஒன்பது அடுக்குக் கோபுரத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. தலைக்கவசம் அணிந்த சிறுமி பாதி உயரம் ஏறிவிட்டாள். கீழடுக்கில் ஒருவரின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் அடுக்கடுக்காக மேலே பரவுவது கண்ணுக்கே தெரிந்தது. குழுத் தலைவர் உரத்த குரலில் ‘கீழே’ என்றார். இன்னும் சில நொடிகள் பொறுத்திருந்தால் அவள் கையை உயர்த்தியிருப்பாள்; ஓராண்டுப் பயிற்சிக்குப் பலன் கிடைத்திருக்கும். ஆயினும் ஒரு சொல்கூட எதிர்த்துப் பேசாமல், ஏறிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில், ஒவ்வொருவராகச் சறுக்கி இறங்கினார்கள்.

இறங்கிய சிறுமி அழுதாள். தலைவர் மண்டியிட்டு அவளது தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்துவிட்டு, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினார். என் பக்கத்தில் குடைபிடித்து நின்ற முதியவர் குடையை மடக்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கைதட்டத் தொடங்கினார். அவரைப் பார்த்து நானும் தட்டினேன். அடுத்த சுற்றில் அதே குழு எட்டு அடுக்கோடு நிறுத்திக்கொண்டது. அவள் மறுபடியும் ஏறினாள், கையை உயர்த்தினாள், இறங்கினாள். முதியவர் அவளுடைய கால்கள் தரையைத் தொடும்வரை கைதட்டவில்லை.