பெரியப்பாவின் சேமிப்புப் பத்திரங்கள்

2025 மார்ச் 8

பெரியப்பா வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது கிடைத்த கவரில் அமெரிக்கச் சேமிப்புப் பத்திரங்கள். எல்லாம் ஈஈ (EE) என்ற வரிசை, எல்லாம் காகிதம். 1994 ஜூனில் தொடங்கி 1996 டிசம்பர் வரை வருடத்துக்கு இரண்டு முறை பேங்கில் வாங்கியிருக்கிறார். அன்று பாதி விலைக்குத்தான் விற்றார்கள், அதாவது நூறு டாலர் பத்திரத்துக்கு அவர் கொடுத்தது ஐம்பது. முக மதிப்பை, அதாவது பத்திரங்களில் அச்சிட்ட தொகையை, கூட்டினால் 12,000 டாலர் வருகிறது. கருவூலத்தின் டிரஷரிடைரக்ட் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டு மாதத்தைப் போட்டுப் பார்த்தால் இன்றைய மதிப்பு 16,000-ஐத் தாண்டுகிறது. டிமென்ஷியாவுக்குப் பிறகு பணம் பற்றி எது கேட்டாலும் "அதெல்லாம் பேங்க்ல பத்திரமா இருக்குடா" என்கிறார். இருப்பது என் மேஜையில்.

2025 மார்ச் 12

அவர் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி என்னிடம் இருக்கிறதே, அதை வைத்து முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வீட்டை விற்பதற்காக மட்டும் எழுதிய பவர் அது. பத்திரத்தைப் பணமாக்கும் அதிகாரமோ பொதுவாகச் சொத்தை விற்கும் அதிகாரமோ அதில் இல்லை, கொடுத்தவருக்கு நினைவு தப்பினாலும் செல்லும் என்ற வரியும் இல்லை. கருவூலம் இரண்டையும் பார்க்குமாம். புதிதாக எழுதி வாங்கலாமென்றால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது புரியும் நிலையில் அவர் இல்லை.

2025 மார்ச் 16

கோர்ட்டுக்குப் போய் கார்டியன் ஆவது ஒரு வழி. செலவும் அலைச்சலும் அதிகம், இந்தத் தொகைக்குக் கட்டுப்படியாகாது. இன்னொரு வழி இருக்கிறது. சட்டப்படி செயல்பட வேறு யாரும் இல்லாமல், பத்திரங்களின் மொத்த மதிப்பு 20,000 டாலருக்கு மேல் போகாமல் இருந்தால், அவரைப் பராமரிக்கும் உறவினரே 'தன்னார்வக் கார்டியன்' என்று கருவூலத்துக்கு விண்ணப்பிக்கலாம். படிவ எண் 2513. கணக்கில் எடுப்பது முக மதிப்பை இல்லை, இன்று பணமாக்கினால் என்ன வருமோ அதை. எப்படிப் பார்த்தாலும் நாம் வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

சில பத்திரங்களில் பெரியம்மா பெயரும் 'அல்லது' போட்டு இருக்கிறது. அவர் போய்விட்டதால் அவையும் பெரியப்பாவுக்கே, இறப்புச் சான்றிதழை மட்டும் இணைக்க வேண்டும்.

2025 மார்ச் 22

இன்று அக்காவோடு நீண்ட போன். 1996 பத்திரங்களில் பெரியப்பா பெயருக்குக் கீழே பி.ஓ.டி. என்று போட்டு அக்கா பெயர் இருக்கிறது, அதாவது அவருக்குப் பிறகு அவளுக்கு. "என் பேர்தானே இருக்கு, நானே போய் மாத்திடறேனே" என்றாள். முடியாது, அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் அவளுக்கு எந்த உரிமையும் கிடையாது. சரி, மாற்றாமல் விட்டால் பிற்பாடு அவளுக்குத்தானே வரும் என்று அடுத்து கேட்டாள், அது நியாயமான கேள்விதான், ஏனென்றால் நான் இப்போது பணமாக்கினால் அவர் அவளுக்கென்று நினைத்து எழுதியது அதோடு முடிந்துபோகும். ஆனால் பராமரிப்பு இல்லத்துக்கு மாதாமாதம் கட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியும். 1994, 95 பத்திரங்களை முதலில் செலவழிப்போம், 96-ஐ முடிந்தவரை தொடாமல் வைப்போம் என்று பேசி முடித்தோம். அவை 2026 வரை வட்டி ஈட்டும், ஆக அவசரமும் இல்லை. எனக்கும் இதுதான் சரியென்று படுகிறது.

2025 ஏப்ரல் 5

வரி. இதை யாரும் சொல்லவே இல்லை, வரி பார்ப்பவர்தான் கண்டுபிடித்தார். இந்த வரிசைப் பத்திரம் 30 வருடம் முடிந்ததும் வட்டி ஈட்டுவதை நிறுத்திவிடும், அதுவரை வரி கட்டாமல் தள்ளிப்போட்ட வட்டி முழுவதும் அந்த வருடத்து வருமானமாகிவிடும், பணமாக்கினாலும் சரி பெட்டியிலேயே கிடந்தாலும் சரி. 1994-இல் வாங்கியவை 2024-இல் முதிர்ந்துவிட்டன. பழைய ரிட்டர்ன்களில் அவர் வருடாவருடம் காட்டியதாக எதுவும் இல்லை. ஆகவே 4,000 டாலருக்கு மேற்பட்ட வட்டி ஏப்ரல் 15-க்குள் போக வேண்டிய 2024 ரிட்டர்னில் ஏற வேண்டும். வேடிக்கை என்னவென்றால் வட்டி வருமானத்தைக் காட்டும் 1099-ஐஎன்டி படிவம் பணமாக்கிய பிறகுதான் வரும், 2025 கணக்கில். 2024 கணக்கிலேயே காட்டிவிட்டோம் என்பதற்கான காகிதத்தை எடுத்து வைக்கச் சொன்னார். ஒரே ஆறுதல், மாநில வரி கிடையாது.

2025 ஏப்ரல் 19

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. 1995 ஜூன், டிசம்பர் பத்திரங்களின் மதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் ஏறும். இப்போது கொடுத்தால் டிசம்பர் 1-இல் இருந்த மதிப்புதான் கிடைக்கும், ஜூன் 1 தாண்டினால் அடுத்த தவணை வட்டியும் சேரும். பெரிய தொகை இல்லை, ஆனாலும் அவர் பணம், நான் ஏன் விட வேண்டும்?

2025 ஜூன் 3

2513-இல் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது, சான்றளிக்கும் அதிகாரி எதிரில்தான் போட வேண்டும். முதலில் போன பேங்கில் எங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் செய்வோம் என்று அனுப்பிவிட்டார்கள், என் கணக்கு இருக்கும் பேங்கில் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் இரு பக்கமும் ஸ்கேன் செய்து வரிசை எண்களை எழுதி வைத்துக்கொண்டேன், காகிதம் தபாலில் தொலைந்தால் 1048 என்ற படிவத்தில் உரிமை கோர அவை வேண்டும். 94, 95 மட்டும் கருவூலத்தின் மினியாபோலிஸ் முகவரிக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டன. வரும் பணத்தை என் கணக்கோடு கலக்காமல் தனியாக வைத்து இல்லத்தின் ரசீதுகளையும் அதோடு சேர்க்கப் போகிறேன், அக்காவுக்கும் ஒரு பிரதி.

96 பத்திரங்கள் லாக்கரில்.