கோபாலுக்கு ‘க’ எப்படி வந்தது?

புரொஃபைல் படம் போடாதவர்களுக்கு, பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். பைத்தான் நிரல்மொழியில், சோதனைக்குப் போலிப் பெயர்களை உருவாக்கித் தரும் ஃபேக்கர் லைப்ரரியை வைத்து ஆயிரம் பெயர்களை உருவாக்கி ஓட்டினேன், எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஃபேக்கரிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது அமெரிக்கப் பெயர்களைத்தான் தரும் என்பது தெரியும், தெரிந்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. லைவ் போன மறுநாளே தமிழில் கோபால் என்று பெயர் போட்டவருக்கு வட்டத்தில் ‘க’ வந்து நின்றது. தீபாவுக்கு ‘த’.

‘கோ’ நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் அது ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. முதலாவதை மட்டும் வெட்டி எடுத்தால் குறி கழன்று போய்விடும். கார்த்திகேயனை எண்ணிப் பாருங்கள், நம் கணக்கில் 7 எழுத்து, பைத்தானிடம் நீளம் கேட்டால் 13, அந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட். இதோடு விட்டதா என்றால் இல்லை. பெயர் சரிதானா என்று பார்க்கும் ரெஜெக்ஸில் (எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் விதி) ‘யூனிகோட் எழுத்துகள் மட்டும்’ என்று பெரிய மனதோடு எழுதி வைத்திருந்தேன், அது முருகனையே உள்ளே விடவில்லை! உயிர்மெய்க் குறியும் புள்ளியும் யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் வராது, ‘குறி’ என்று தனி வகை, அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஃபேக்கரில் தமிழுக்கும் லொகேல், அதாவது மொழி அமைப்பு, இருக்கிறது, தமிழ் எழுத்திலேயே பெயர் தரும். சரி, அதைப் போட்டேன். அப்புறம் வேறு தலைவலி, ஒவ்வொரு முறையும் புதுப் பெயர்கள் வருகின்றன: ஒரு டெஸ்ட் காலையில் பாஸ், மதியம் ஃபெயில், மறுபடி ஓட்டினால் பாஸ். எந்தப் பெயரில் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போனது. ரேண்டம் வரிசையைத் தொடங்கி வைக்கும் சீட் எண்ணை லாகில் (ஓட்டத்தின் பதிவுக் குறிப்பில்) எழுதியிருந்தால் அதே பெயர்கள் அதே வரிசையில் திரும்ப வந்திருக்கும், ஒரு வரி வேலை, சோம்பேறித்தனம்.

இப்போது ரேண்டம் பெயர்களோடு கையால் எழுதிய சின்னப் பட்டியல் ஒன்றையும் ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறேன். புள்ளி வைத்த இனிஷியல் முன்னால் வரும் பெயர், பின்னால் வரும் பெயர், ஒற்றைப் பெயர் எல்லாம் அதில் உண்டு. முதல் வரியில் இருப்பவர் ஸ்ரீ, யூனிகோடில் நாலு துண்டு, அவருக்குக் கடைசிப் பெயர் (லாஸ்ட் நேம்) காலி. பழைய ஃபார்ம் ஒன்று இன்னமும் அவரைப் பார்த்ததும் படுத்துவிடுகிறது.