வெப்சைட் இன்னும் திறக்கல

மே 2, 2025
திறக்கல. ஆர்டிஇ வெப்சைட்தான், கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல ஃபீஸ் இல்லாம சேக்கறதுக்கு அப்ளிகேஷன் போடறது. போன வருசம் ஏப்ரல் 22-லயே ஆரம்பிச்சுட்டாங்க. எல்கேஜிக்கு ஜூலை 31-க்குள்ள 3 வயசு முடிஞ்சிருக்கணும். பாப்பாவுக்கு 28-ஆம் தேதி முடியுது. தப்பிச்சோம்.

மே 7
வருமானச் சான்று கைக்கு வந்துருச்சு. இ-சேவையில 60 ரூபாய். நலிவடைந்த பிரிவுல போடணும்னா வருசத்துக்கு 2 லட்சத்துக்குக் கீழ இருக்கணும். பனியன் கம்பெனியில சனிக்கிழமை சம்பளம் வாங்கி திங்கக்கிழமை செலவு பண்றவங்களுக்கு வருசக் கணக்கு எங்க தெரியுது.

மே 11
ஒரு கிலோமீட்டர். நாங்க போடப் போற ஸ்கூல் வீட்டுல இருந்து அதுக்குள்ள இருக்கணும். மொட்டை மாடியில நின்னா அந்த ஸ்கூல் கொடிக்கம்பம் தெரியுது. தண்டவாளத்தைக் குறுக்க தாண்டினா கொஞ்ச நேரம்தான். பாலம் சுத்திப் போனா ஒண்ணரைக்கு மேல. எந்த வழியை அளப்பாங்க? மாமாகிட்ட கேட்டா, "காக்கா போற வழியைத்தான் அளப்பாங்க, தூங்கு"ங்கறார். சர்ச் ஸ்கூல் இதைவிடப் பக்கம். ஆனா சிறுபான்மைப் பள்ளிக்கு இந்தச் சட்டம் கிடையாதுன்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

மே 20
இல்ல.

மே 24
டெல்லி பணம் தரலையாம், அதான் காரணமாம். பிஎம்ஸ்ரீங்கற மத்திய அரசுப் பள்ளித் திட்டம், மும்மொழி, புதிய கல்விக் கொள்கை, இதையெல்லாம் தமிழ்நாடு ஏத்துக்கலன்னு. 2,291 கோடி கேட்டு தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. எங்க பாப்பா இன்னும் ஒரு மொழியவே முழுசாப் பேசல.

ஜூன் 2
ஸ்கூல் திறந்தாச்சு. எதிர்வீட்டுப் பையன் வேன்ல ஏறிப் போறதைப் பாப்பா கேட்டைப் புடிச்சு நின்னு பாத்தா. ஸ்கூல் ஆபீஸ்ல, "இப்போதைக்கு ஃபீஸ் கட்டிச் சேத்துருங்க, ஆர்டிஇ வந்தா அப்பப் பாத்துக்கலாம்"னாங்க. 28,000. வேன் தனி.

ஜூன் 10
ஹைகோர்ட் சொல்லிருச்சு! மத்திய அரசு தரலைங்கறதைக் காரணம் காட்டி மாநில அரசு தப்பிக்க முடியாது, தனியார் பள்ளிகளுக்குப் பணம் குடுத்தே ஆகணும்னு. செக்கிங் டேபிள்லயே செய்தியைப் படிச்சுட்டு சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இனி ரெண்டு நாள்ல திறந்துரும்.

ஜூன் 13
திறக்கல.
தூக்கம் வரல. ஃபீஸ்கூட ஏதாவது பண்ணிக்கலாம். இவ தெரியாதவங்ககிட்ட ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லவே மாட்டா. காலை இறுக்கிக்கிட்டு நிப்பா, மூஞ்சி சிவக்கும், அவ்வளவுதான். நான் பாத்தாத் தெரியும். நாப்பது பிள்ளைங்களை வெச்சிருக்கற மிஸ்ஸுக்குத் தெரியுமா? அங்க பாத்ரூம் எங்கன்னு கேட்டேன். வெஸ்டர்ன் டாய்லெட்டுன்னு பெருமையாச் சொன்னாங்க. அது அவளுக்கு எட்டாது. கூட யாராவது வருவாங்களான்னு கேட்டதுக்கு, பழகிருவாங்க மேடம்னு சிரிச்சாங்க. ஏன் சிரிக்கணும்?

ஜூன் 14
அத்தை இன்னைக்கும் பால்வாடிப் பேச்சுத்தான். "உம் புருசன் அங்க உப்புமா தின்னு வளந்தவன்தான கண்ணு." அதான் பயமா இருக்குன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

ஜூன் 16
பால்வாடியில விட்டாச்சு. வெப்சைட் திறக்கற வரைக்கும்தான். வாரம் 3 முட்டை. ஆயாம்மா எதுவும் கேக்காம அவளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. அழல. எனக்குத்தான் கோவமா வந்துச்சு, எது மேலன்னு தெரியல.

ஜூலை 28
மூணு. அரைக் கிலோ கேக். வெப்சைட்டைப் பாக்கல.

அக்டோபர் 2
விஜயதசமி. கோயில்ல அரிசியில 'அ' எழுத வெச்சாங்க. ஐயர் விரலைப் புடிச்சதும் கையை உதறிட்டா. அப்புறம் அவளே ஒரு வட்டம் போட்டா. முட்டையாம்.

அக்டோபர் 7
திறந்துட்டாங்க. ஆனா ஏற்கெனவே ஸ்கூல்ல சேந்த பிள்ளைங்களுக்குத்தானாம். கட்டின ஃபீஸைத் திருப்பித் தருவாங்களாம். கட்ட முடிஞ்சவங்களுக்கு! கட்ட முடியாததால காத்துக்கிட்டு இருந்த நாங்க யாரு? அடுத்த வருசம் எல்கேஜிக்குப் போடலாம்னா ஆகஸ்ட் 1, 2022-லயோ அதுக்கு அப்புறமோ பொறந்திருக்கணும். நாலு நாள் முந்தி வந்துட்டா எம்பொண்ணு. மாமா சாப்பிடாமயே நைட் ஷிப்டுக்குப் போயிட்டார்.

அக்டோபர் 8
ஸ்கூலுக்குப் போன் போட்டேன். எல்கேஜியில இடம் இருக்காம். இன்னைக்குச் சேத்தா கணக்குல வருமான்னு கேட்டேன். மேடம் லஞ்சுக்குப் போயிருக்காங்க, ரெண்டு மணிக்குக் கூப்பிடுங்கன்னாங்க. ரெண்டு மணிக்கு நான் டேபிள்ல இருப்பேன், சூப்பர்வைசர் போனைத் தொட விடமாட்டார். அத்தையைப் பேசச் சொல்லலாமான்னு