கெப்ளர்-16: நேரத்துக்கு வராத பள்ளங்களைத் தேடி

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2018-ல் ஓய்வு பெற்றுவிட்டது, ஆனால் அது சேர்த்த தரவு மொத்தமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு போன் ஹாட்ஸ்பாட்டிலேயே இறக்கிவிடலாம். லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு இருந்தால் நாலைந்து வரி போதும். நான் எடுத்துக்கொண்டது கெப்ளர்-16. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்ற, அந்த இரண்டையும் சேர்த்து சனி அளவுள்ள ஒரு கோள் சுற்றுகிறது, 2011-ல் அறிவித்தார்கள்.

விண்மீனின் ஒளி நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டுப் படம்தான் கிடைக்கும், ஏதாவது ஒன்று குறுக்கே வந்து ஒளியை மறைத்தால் அந்தக் கோட்டில் ஒரு பள்ளம் விழும். முதலில் வரும் படம் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியைத் திருப்பி வைப்பார்கள், அப்போது விண்மீன் வேறு சென்சாரில் விழும், அதனால் கோடு படிப்படியாக எகிறி நிற்கும். லைட்கர்வில் ஸ்டிச் என்ற கட்டளை கொடுத்தால் அது சரியாகிவிடுகிறது. அப்புறம் பெரிய விண்மீனில் புள்ளிகள் இருப்பதால் அது சுழலச் சுழல ஒளி மேலும் கீழும் அலைகிறது. இதைச் சமன் செய்யும்போது கவனம் வேண்டும், சாளரத்தை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்துச் சமன் செய்யும் நாட்களின் நீளத்தை, சின்னதாக வைத்தால் நாம் தேடுகிற பள்ளத்தையும் சேர்த்தே அழித்துவிடும். பள்ளங்களை முதலில் மறைத்துவிட்டு மீதியைச் சமன் செய்வது நல்லது.

இப்போது உண்மையான வேலை. 41 நாளைக்கு ஒருமுறை சின்ன விண்மீன் பெரியதை மறைக்கிறது, ஒளி 13 சதவீதம் விழுகிறது, குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பெரியது சின்னதை மறைக்கும்போது விழுவது 1.6 சதவீதம். கோள் பெரிய விண்மீனைக் கடக்கும்போது 1.7 சதவீதம்! ஆழத்தை வைத்து எது எது என்று பிரிக்கவே முடியாது. முதல் இரண்டும் கடிகாரம் மாதிரி வருவதால், அவை வரவேண்டிய இடங்களைக் கணக்குப் போட்டு நீக்கிவிட்டேன். மிச்சம் நின்றவைதான் கோளின் பள்ளங்கள்.

அவற்றின் இடைவெளி சமமாக இல்லை. முதல் இரண்டுக்கும் நடுவே 230 நாள், அடுத்தது 221 சொச்சம். வழக்கமான காலமுறைத் தேடலை ஓட்டினால் அது சமமான இடைவெளியை எதிர்பார்த்துத் திணறுகிறது, இந்த வேலையில் கண்தான் ஜெயிக்கிறது. காரணம், கோள் கடக்கவேண்டிய விண்மீனே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆடுகிற ஊஞ்சலை ஒருவர் குறுக்கே கடப்பதைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் புரியும்: ஊஞ்சல் அவருக்கு எதிராக வந்தால் சட்டென்று கடந்துவிடுவார், அவர் போகும் பக்கமே போனால் நேரம் பிடிக்கும். பள்ளத்தின் அகலமும் அதனால்தான் மாறுகிறது. இதில் எனக்குப் பிடித்ததே இந்த ஒழுங்கின்மைதான். பின்னால் வேறு ஏதோ விண்மீன் ஜோடி இருந்து ஏமாற்றியிருந்தால் பள்ளங்கள் நேரம் தவறாமல் வந்திருக்கும். தவறுவதுதான் சாட்சி. சின்ன விண்மீனைக் கோள் கடக்கும் பள்ளம் வெறும் 0.1 சதவீதம், படத்தைப் பெரிதாக்கித் தேடினால் அதுவும் தெரிகிறது.

அண்ணன் மகன் மடிக்கணினியை எட்டிப் பார்த்து, "சித்தப்பா, இது வானத்துல எந்தப் பக்கம்?" என்றான். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், அபிஜித்தையும் டெனெப்பையும் காட்டி, அந்த இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வடக்கே தள்ளி என்றேன். "ஒண்ணும் தெரியலையே." தெரியாதுதான், ஒளி அளவு 12, எண் கூடக்கூட மங்கல் என்று அர்த்தம், வெறுங்கண்ணுக்கு 6 வரைதான் எட்டும்.

இன்னொன்று. அந்தக் கோளின் பாதைத் தளம் மெல்லச் சாய்ந்துகொண்டே போவதால் 2018 வாக்கில் அது நமக்கும் பெரிய விண்மீனுக்கும் குறுக்கே வருவதை நிறுத்திவிட்டது, திரும்ப வர 2042 வாக்கில் ஆகும் என்கிறது கணக்கு. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் இப்போது அந்தக் கடப்பு கிடைக்காது, பழைய தரவுதான் கதி.

அடுத்து டெஸ் என்ற இன்னொரு விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் டிஓஐ-1338, இதுவும் கோள் சுற்றுகிற ஒரு விண்மீன் ஜோடிதான். டெஸ் ஒரு பகுதியை 27 நாள்தான் தொடர்ந்து பார்க்கும், இந்தக் கோளுக்கோ ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 95 நாள், அதனால் பல பகுதிகளை ஒட்டவேண்டியிருக்கும். அதையும் ஒரு பள்ளி மாணவர் கண்ணால் பார்த்துத்தான் பிடித்தார். கெப்ளர்-47 என்ற இன்னொரு விண்மீன் ஜோடிக்கு மூன்று கோள்கள் இருக்கின்றன, ஆனால் விண்மீன் ரொம்ப மங்கல், அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.