போகிப் புகையை எடை போடுகிற வேலை

காற்றில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று அளந்து சொல்லும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஆண்டு முழுக்கத் தொழிற்சாலை, கட்டடம் கட்டும் இடம் என்று அலையும், காற்றை இழுத்துத் தூசைப் பிடிக்கும் எங்கள் சாம்ப்ளர் கருவிகள் தீபாவளிக்கும் போகிக்கும் வீட்டு மொட்டை மாடிகளில் ஏறிவிடும். சென்னையில் இந்த இரண்டு பண்டிகைகளின் நெருப்பும் அடங்கிக்கொண்டு வருவதை அந்த மாடிகளிலிருந்துதான் பார்த்து வருகிறேன்.

கண்ணாடி இழையால் ஆன வெள்ளை பில்டர் தாளை ஈரம் போக வைத்திருந்து, எடை பார்த்து, கருவியில் பொருத்துவோம். மோட்டார் எட்டு மணி நேரம் காற்றை இழுத்த பிறகு இடுக்கியால் எடுத்து மறுபடி எடை பார்ப்போம். கூடியிருக்கும் மில்லிகிராமை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். சாதாரண நாளில் தாள் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். டயர் எரிந்த தெருவில் வைத்த தாள் கன்னங்கரேலென்று வரும். உறையைப் பிரித்ததும் எடை போடும் அறை முழுக்க ரப்பர் வாடை. பத்து மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்தூசு, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது தேசிய வரம்பு. அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வரம்பெல்லாம் எங்கோ போய்விட்டதென்று.

தீபாவளி மழைக்காலத்தில் வருவதால் சில ஆண்டுகள் மழையே காற்றைக் கழுவிவிடும். மார்கழிக் கடைசி இரவு அப்படியில்லை. காற்று அசையாது, தரை குளிர்ந்து கிடக்கும், சற்று உயரத்தில் வெதுவெதுப்பான காற்று பானைக்குத் தட்டு போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். புகைக்கு மேலே போக வழியில்லை. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டது இதனால்தான்.

வியாசர்பாடியில் நாங்கள் கருவி வைத்த வீட்டில் ஓர் ஆயா இருந்தார். மோட்டார் சத்தத்தில் தூக்கம் கெட்டு மேலே வந்தவர், “இன்னா தம்பி, பொகைய புடிக்கிறியா?” என்றார். அப்புறம் தெருவைக் காட்டி, “எங்க காலத்துல கோரப்பாயும் ஓலையுந்தான் கொளுத்துவோம். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். இது விடிஞ்சும் எரியும் பாரு” என்றார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எரிந்து முடிந்த டயரிலிருந்த கம்பிகள் தார்ச் சாலையில் சுருள் சுருளாகக் கிடந்தன. தூய்மைப் பணியாளர் ஒருவர் அதைக் கையால் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

போகி கெட்ட கதை ஆயா சொன்னதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கோரைப்பாய் போய் பிளாஸ்டிக் பாய் வந்தது, முறமும் பிளாஸ்டிக், மெத்தை ஃபோம். பழையதைக் கொளுத்தும் வழக்கம் மட்டும் மாறாமல் நின்றது. கொளுத்த எதுவும் கிடைக்காதபோது மெக்கானிக் கடையிலிருந்து டயர் வந்தது. இன்று மாநகராட்சியே பழைய பொருட்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, டயர் எரிப்பதைக் காவல்துறை கண்காணிக்கிறது. சரியான காரியம்.

பட்டாசும் அப்படித்தான். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 மணி வரைதான் வெடிக்க அனுமதி. பேரியம் என்ற ரசாயனம் கலந்தது கூடாது, சரவெடி கூடாது. நேரத்தை மீறி வெடிப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். ஆனால் தெருவே ஒன்றாக நின்று வெடிக்கும் காட்சி அருகிவிட்டது. அவரவர் கார் நிறுத்தும் இடத்தில் நாலு மத்தாப்பு, ஒரு புஸ்வாணம், அவ்வளவுதான்.

புகை குறைந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆஸ்துமாக்காரர்கள் இருக்கும் வீடுகளின் மாடியில் இரவெல்லாம் நின்றவன் நான். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தெருவே எழுந்து வந்து ஒரே நெருப்பைச் சுற்றி நிற்க வேறு எந்த நாள் இருக்கிறது? பிள்ளைகள் போகி மேளத்தின் தோலை அனலில் காட்டி விறைப்பேற்றுவதும், பேச்சை விட்டுப்போன இரண்டு வீட்டுக்காரர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் குளிர் காய்வதும் டயரோடு சேர்ந்து போக வேண்டியவை அல்ல.

எங்கள் குடியிருப்பில் போகி வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு வந்தபோது என்னைக் கேட்டார்கள். ஓலைப் புகையும் தூசுதான் என்று முதலில் சொன்னேன். அது உண்மை, மறைக்கக்கூடாது. வீட்டுக்கு வீடு கொளுத்தாமல் எல்லாருக்குமாக ஒரே நெருப்பு, அரை மணி நேரத்தில் அடங்குகிற அளவுக்குக் காய்ந்த தென்னை ஓலை, வேறெதுவும் அதில் விழக்கூடாது, மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வீட்டு ஜன்னலுக்குத் தள்ளி மூட்ட வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். வளாகத்துத் தென்னையிலிருந்து விழும் மட்டைகளை இப்போதெல்லாம் மோட்டார் ரூமில் அடுக்கி வைக்கிறோம். மழையில் நனைந்த ஓலை அதிகம் புகையும்.