மாத்திரை இலவசம், நோட்டில் 11 லட்சம்

2018 மழைக்காலத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு இருமல் பிடித்தது. ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி வந்தால் தான்லியின், அங்கேதான் எங்கள் வீடு. சின்னப் பட்டறை ஒன்றில் அவருக்கு வெல்டிங் வேலை, அதனால் வெல்டிங் புகைதான் காரணம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். மருந்துக்கடையில் சிரப், அப்புறம் ஒரு தனியார் டாக்டர், ஊசி, அதற்கும் தீரவில்லை என்று இன்னொரு டாக்டர், எக்ஸ்ரே, தெம்புக்கு என்று இரண்டு தடவை குளுக்கோஸ், இப்படியே இரண்டு மாதம் ஓடியது. சாயங்காலமானால் காய்ச்சல் வரும், விடிந்து பார்த்தால் தலையணை நனைந்திருக்கும். அத்தனை நாளும் சளியைச் சோதிக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. மகளின் பழைய பள்ளி நோட்டில் நான் வீட்டுக் கணக்கு எழுதுவேன். அதில் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 2,10,000 சாட் (பர்மா பணம்). என்ன நோய் என்று தெரிவதற்கு முன்னாலேயே போன பணம் அது.

கடைசியில் என் சின்னம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டவுன்ஷிப் ஆஸ்பத்திரியின் டீபி (காசநோய்) கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் போக வேண்டிய இடமே அதுதான், எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று. சளிச் சோதனைக்கும் காசு இல்லை, ஆறு மாத மருந்துக்கும் காசு இல்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. எடையைப் பார்த்து அளவு போடுவார்கள். அவர் 48 கிலோவுக்கு இறங்கியிருந்ததால் தினம் மூன்று. விடியற்காலை வெறும் வயிற்றில், ஒவ்வொன்றாக, நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அப்படியும் முதல் நாள் மாமியார் இரத்தம் என்று நினைத்து அலறிவிட்டார். சின்னவனுக்கு அப்போது நாலு வயது, அவனுக்கு நோய் இல்லை, ஆனாலும் வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோனியாசிட் என்ற மருந்து கொடுத்தார்கள். அதுவும் இலவசம்தான்.

சரி, அப்படியானால் செலவு எங்கே? கூலியில்தான். மூன்று மாதம் அவரால் எழுந்து வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு நாளைக்கு 9,000 சாட், மாதம் 26 நாள், கூட்டினால் 7,02,000. அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தவராக இருந்தால் நோய்க்காலத்தில் சம்பளத்தில் 60 சதவீதம், 26 வாரம் வரை கிடைத்திருக்கும். ஆனால் குறைந்தது 5 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம், அவர் பட்டறையில் நாலே பேர். முட்டை, மீன், பால் என்று மாதம் 25,000 கூடுதலாக ஆனது. நாள் முழுக்க அரை வயிற்றுச் சாப்பாடு என்றால் அந்த மாத்திரையைத் தாங்க முடியாது, குமட்டிக்கொண்டு வரும், இதில் மட்டும் நான் கை சுருக்கவில்லை. போக்குவரத்துச் செலவையும் சேர்த்தால் 11 லட்சத்தைத் தொட்டது. என் தையல் வருமானத்தையும் சேர்த்து எங்கள் வருடச் சம்பாத்தியமே 33 லட்சம்தான்.

வருட வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காசநோய் தின்றுவிட்டால், குடும்பத்தையே கவிழ்க்கும் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. 2015-16இல் பர்மா முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது குடும்பம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. இதைப் படித்த அன்று நோட்டை எடுத்து மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். எங்கள் தெருவில் இருமிக்கொண்டே சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதிப்பவரை எல்லாம் நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் கடன் வாங்கினோம், அது பெரிய தப்பு. வட்டி கட்டவே கையில் இல்லாமல், என் தோட்டை அடகு வைத்து அந்தக் கடனை அடைத்தோம். முதலிலேயே அடகுக்கடைக்குப் போயிருந்தால் ஒரு மாத வட்டியாவது மிச்சமாகியிருக்கும். நாலாம் மாதம் அவர் பாதி நாள் வேலைக்குப் போனார். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரத்திலேயே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும் என்று முதலாளியிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அப்படியும் அவருடைய டீ டம்ளரை மட்டும் தனியாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஆறாம் மாதக் கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எடை 55 கிலோ. சைக்காவில் திரும்பும்போது அடகுக்கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, அந்த மாத வட்டியைக் கட்டிவிட்டு வந்தோம். தோடு திரும்பி வர இன்னும் பதினான்கு மாதம் ஆயிற்று.