முதல் நாவலின் முதல் வரைவை முடிக்க நினைப்பவர்களுக்கு

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நான் எழுதிவந்த நாவலின் முதல் வரைவு முடிந்துவிட்டது. பாதியில் நிற்கும் நண்பர்கள் சிலர் எப்படி முடித்தாய் என்று கேட்கிறார்கள். எனக்குப் பயன்பட்டவற்றை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எழுதும் உந்துதல் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், எழுதுவதற்கு நான்கு தூண்டுதல்களைச் சொல்கிறார்: தன்முனைப்பு, அழகின் மீதுள்ள ஈர்ப்பு, நடந்ததை உள்ளபடி பதிந்துவைக்கும் ஆசை, அரசியல் நோக்கம். நான்கும் எல்லோரிடமும் இருக்கும்; அளவுதான் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும் என்பார். வரைவு எழுதும்போது இதை உடம்பால் உணரலாம். எழுத்தாளர் என்று பெயர் வாங்கும் ஆசை முதல் சில அத்தியாயங்கள்வரை நம்மை நன்றாகவே ஓட்டும். அதன் பிறகு அது போதாது. மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்த ப. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை; இன்று அதைக் கொண்டாடாத வாசகர் குறைவு. புகழ் வரும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. ஆகவே மேசைக்கு நம்மைத் தினமும் இழுத்துவர வேறொன்று வேண்டும். கதைக்குள் ஒரு பெண் கடனில் மாட்டி நிற்கிறாள். நான் எழுதாவிட்டால் அவள் அங்கேயே நிற்பாள். என்னை இழுத்துவந்தது இந்த எண்ணம்தான்.

'இதை ஏற்கெனவே எழுதிவிட்டார்களே' என்ற தயக்கம் பலரை நிறுத்திவிடுகிறது. உப்பளத்தைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதியிருக்கிறார். மதிப்புக்குரிய நாவல். அது இருப்பதால் என் நாவலுக்குத் தேவையில்லை என்று நான் நினைக்கவில்லை. அவர் வெளியிலிருந்து வந்து, பார்த்து, கேட்டு எழுதினார். நான் உப்பு வாரிய ஒரு தாயின் மகள். எங்கள் இருவரின் கேள்விகளும் ஒன்றாக இருக்க வழியில்லை. உங்களுக்கு முன்னால் எழுதியவரை மரியாதையோடு படியுங்கள். படித்து முடித்ததும், அவர் கேட்காத கேள்வி ஒன்றை ஒரே வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. நாளுக்கு 250 சொற்கள் போதும். ஆறு மாதத்தில் அது 45,000 சொற்களாகிவிடும். ஒரு சிறிய நாவலுக்கு அது தாராளம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய இலக்கு பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் அன்றைய எழுத்தை நிறுத்துங்கள். ஹெமிங்வே சொன்ன யோசனை இது. மறுநாள் வெற்றுத்தாளின் முன்னால் திகைக்க நேராது.

மிகக் கடினமானது நடுப்பகுதி. தொடக்கத்தின் உற்சாகம் வடிந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. அப்போதுதான் முதல் அத்தியாயத்தைத் திருத்தலாமே என்று கை பரபரக்கும். திருத்தாதீர்கள். முதல் வரைவு என்பது கதை என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக எழுதுவது. கடைசி அத்தியாயம் தெரியாமல் முதல் அத்தியாயத்தைத் திருத்துவது வீண் உழைப்பு. ஒரு தனி நோட்டு வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டியவற்றை அதில் மட்டும் குறியுங்கள். அண்ணனாக வந்தவரைத் தம்பியாக மாற்றத் தோன்றினால், இன்றைய பக்கத்திலிருந்தே தம்பி என்று எழுதிக்கொண்டு போங்கள். எழுத வராத காட்சியில் 'இங்கே கூலிச் சண்டை' என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தாண்டிவிடுங்கள். தகவல் தேடும் வேலையையும் அந்த நோட்டுக்கே அனுப்புங்கள். பாத்தியில் உப்பு விளைய எத்தனை நாள் ஆகும் என்று தேட உட்கார்ந்தால், அன்றைய எழுத்து நேரம் அதிலேயே போய்விடும்.

முடியும்வரை யாரிடமும் காட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாராட்டும் எழுத்தை நிறுத்தும், குறையும் நிறுத்தும்.

முடிந்ததும் தாளில் அச்செடுத்து ஒதுக்கிவையுங்கள். ஸ்டீபன் கிங் குறைந்தது ஆறு வாரம் என்கிறார். எனக்கும் அது சரியாகவே இருந்தது. பிறகு, அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இலக்கியம் படித்த நண்பர்கள் அதற்கு அப்புறம் போதும். நான் அம்மாவுக்கு வாசித்தேன். நடையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காதே, அந்த மாதங்களில் அவள் யாரிடம் கடன் வாங்கினாள்? எப்படித் திருப்பிக் கொடுத்தாள்?" என்று கேட்டார். இரண்டாம் வரைவில் இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் புதிய அத்தியாயம் அந்தக் கடனைப் பற்றியது.